கரடிமேட்டுக் குழாயில் குளோரின் இல்லை

போன மாதம் ஏற்காட்டில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மலைக் கிராமங்களிலிருந்து பெண்களை வரவழைத்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையில் கொடுத்து, எந்தச் சொட்டு விட்டால் என்ன நிறம் வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதெல்லாம் நிறத்தைப் பார்த்ததுமே செல்போனில் ஏற்றிவிடலாம். தண்ணீர் பாட்டிலில் ஆடி அடங்குவதற்குள் முடிவு மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான் ஓய்வு பெற்ற பழைய ஆள் என்பதால் முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். சும்மா சொல்லக்கூடாது, சால்வை நன்றாகவே இருந்தது.

கேள்வி நேரத்தில் வாழவந்தியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். “ஏனுங்க மேடம், நீங்க எழுதுன ரிப்போர்ட்டால யாருக்காச்சும் வேலை போயிருக்குதுங்களா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “போகப் பார்த்துச்சு கண்ணு. போகலை” என்றேன். மேற்கொண்டு சொல்வதற்குள் வடையும் டீயும் வந்துவிட்டன. அதற்கப்புறம் யார் காதில் என்ன ஏறும்? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாகலூர்ப் பக்கம், ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் பழம் பறித்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சேலத்தில் வேதியியல் பட்டம் வாங்கி, கொஞ்ச காலம் வேலைக்கு அலைந்து, கடைசியில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் உண்டு. தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கூடத்தின் பொறுப்பாளராக இருந்த ராமலிங்கம் சார்.

சார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. எந்த வாக்கியத்தை அவர் முன்னால் வைத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: “எதைப் பார்த்துச் சொல்றீங்க?” சேர்ந்த புதிதில் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லா இருக்குதுங்க சார்” என்று சொல்லிவிட்டேன்.

“எதைப் பார்த்துச் சொல்றீங்க?”

“கண்ணால பார்த்துத்தானுங்க சார்.”

“அப்ப கலங்கல் இல்லைன்னு எழுதுங்க. நல்லா இருக்குன்னு சொல்ல நீங்க என்ன மாப்பிள்ளை பார்க்கவா போனீங்க?”

அன்றிலிருந்து ‘நல்ல’ என்ற சொல்லை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. பேச்சில்கூட அது எனக்குச் சுலபமாக வருவதில்லை. என் கணவர், சாம்பார் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்.

கூடத்துக்குள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. வாசனைச் சோப்பு, பவுடர், தைலம் எதுவும் கூடாது. தண்ணீரை மோந்து பார்ப்பதும் ஒரு பரிசோதனை என்பதால் சார் அதில் கறாராக இருந்தார். பாட்டிலில் பாதி தண்ணீரை ஊற்றி மூடி, குலுக்கி, திறந்த அந்த நொடியில் மூக்கைக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் முறை மோந்தால் மூக்கு பழகிப்போய்விடும். புதுப்பெண்ணாக இருந்தபோது நான் வெறுந்தலையோடு வேலைக்குப் போவதைப் பார்த்து என் மாமியாருக்கு மனத்தாங்கல். “உத்தியோகம் பாக்கற பொண்ணுன்னா தலையில பூவுங்கூட ஏறாதா?” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இரண்டு நாள் பூவைச் சேர்த்து வைத்துக்கொண்டு சமாதானம் செய்தேன்.

மலைக் கிராமங்கள் என் பொறுப்பு. கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பதை ஒரு பூசைபோலத்தான் செய்வேன். குழாயின் வாயைத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி அந்த வாயைச் சுட வேண்டும். பிறகு குழாயில் பழைய தண்ணீர் போகும்வரை திறந்துவிட வேண்டும். அப்புறம்தான் பாட்டில். பாட்டிலைக் கழுவக் கூடாது, அதன் கழுத்தைத் தொடக் கூடாது, மூடியைத் தரையில் வைக்கக் கூடாது, தளும்பத் தளும்ப நிரப்பவும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே மலை இறங்கிச் சேலம் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். “மீனுங்களா?” “தண்ணீங்க.” “ஏனுங்க, மலைத் தண்ணிய ஐஸ் போட்டுச் சேலத்துக்கு எடுத்துட்டுப் போறீங்க, அங்க யாருக்குங்க இவ்வளவு கொடுப்பினை?” பஸ்ஸே சிரிக்கும்.

ஊர்களில் எனக்குப் பாட்டில்காரம்மா என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான். சரியாக எடுக்கவில்லை என்று என் பாட்டில் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. என்னைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்களின் பாட்டில்கள் வந்திருக்கின்றன. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இனி கரடிமேடு. நாகலூருக்கு அப்பால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஓடைக்கரையில் ஊற்றுக் கிணறு, அதில் ஒரு மோட்டார், மேட்டில் ஒரு டேங்க், தெருவில் சில குழாய்கள். இவ்வளவுதான் அவர்களுடைய குடிநீர் ஏற்பாடு. டேங்கைப் பார்த்துக்கொண்டவர் அருளப்பன் அண்ணன். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தினமும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து அந்தத் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. மாதா கோயிலில் திருவிழா என்றால் கொடிக்கம்பம் நடுகிறவரும் அவர்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

அந்த ஊர்க்காரர்களுக்கு பிளீச்சிங் வாடை ஆகாது. காப்பி விளையும் ஊர் இல்லையா? காப்பியில் துளி வாடை சேர்ந்தாலும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். “அருளப்பா, மருந்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ சாமி” என்று போகிற வருகிற பெண்களெல்லாம் அவரிடம் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். ஆனால் குறைக்க மாட்டார்.

ஒரு காப்பிப் பழ சீசனில் கரடிமேட்டின் கடைசிக் குழாயில் சோதனை செய்தேன். டேங்கில் போடும் குளோரின் கிருமிகளைக் கொன்ற பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்து, கடைசிக் குழாய்வரை காவலாக வர வேண்டும். கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அன்றைக்கு வரவில்லை. இன்னொரு குழாயிலும் வரவில்லை. கூடத்தில் பார்த்தபோது கிருமியும் இருந்தது. ‘எஞ்சிய குளோரின் இல்லை. குடிக்கத் தகுதியற்றது’ என்று எழுதி அனுப்பினேன். அடுத்த முறையும் அதே கதை. இதற்குள் ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்ததும் தண்ணீரைப் புகழ்ந்தார்கள். “இப்பத்தானுங்க தண்ணி நொம்ப ருசியா இருக்குது. மருந்து வாடையே இல்லீங்க.” வாடை இல்லாததுதான் வியாதி என்று யார் வாயால் சொல்வது?

விஷயம் பெரிதானதும் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரியின் கையில் என் அறிக்கைகள். “குளோரின் இல்லைன்னு ரெண்டு ரிப்போர்ட் இருக்குது. பவுடர் போடலைன்னுதானே அர்த்தம்? இன்னொரு ரிப்போர்ட் வரட்டும், ஆளை மாத்திடலாம்” என்றார்.

எஸ்டேட்டில் பழம் பறிக்கும் மாரியக்கா முன்னால் வந்தாள். அவளுடைய கடைசிப் பையன் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கிடந்தான். “வாடை அடிக்குது, கொறைச்சுப் போடுன்னுதான் சொன்னோம். ஒரேடியாப் போடாத உட்டுருவியா அருளப்பா? அந்தப் பவுடரை எந்தக் கடையில வித்த? எம் புள்ள செத்திருந்தா நீ திருப்பித் தருவியா?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி நின்றவர்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

“போட்டனுங்க. தினமும் போட்டனுங்க” என்றார் அருளப்பன் அண்ணன். கூட்டம் கலைந்ததும் பஸ் நிறுத்தம்வரை என் பின்னாலேயே வந்தார். “ஏனுங்க மேடம், என்னையத் திருடன்னு உங்க பாட்டிலு சொல்லிருச்சாமே?”

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியது ‘குளோரின் இல்லை’ என்பதை மட்டும்தான். ‘போடவில்லை’ என்று நான் எழுதவே இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் மானம் மாட்டிக்கொண்டு கிடந்தது. மலை இறங்கும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். என் எழுத்தை எடுத்து இன்னொருவர் தடியாக்கி அடிக்கிறாரே என்ற ஆத்திரம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். “போடலைன்னு எதைப் பார்த்துச் சொன்னாங்களாம்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, “நாளைக்கு நானும் வர்றேன்” என்றார். மலைப்பாதை சாருக்கு ஆகவே ஆகாது. கொண்டை ஊசி வளைவு தொடங்கினாலே குமட்டும். எலுமிச்சம்பழம் மோந்துகொள்ளச் சொன்னால், “மூக்கு கெட்டுடும்” என்று மறுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் மறுநாள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டியபடியே ஏற்காடு வந்து சேர்ந்தார்.

சோதனையைக் கரடிமேட்டிலேயே செய்ய வேண்டும் என்றார். “எந்த இடத்தில வெச்சுப் பழி சொன்னாங்களோ, அதே இடத்தில வெச்சு அளப்போம்.” பள்ளிக்கூட முற்றத்தில் இரண்டு வாளிகள் வைத்தோம். ஒன்றில் கரடிமேட்டுக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அருளப்பன் அண்ணனைக் கூப்பிட்டு, தினமும் கரைக்கிற மாதிரியே பவுடரைக் கரைக்கச் சொன்னார் சார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் கரைத்தார். தெளிந்த நீரைச் சமமாக அளந்து இரண்டு வாளியிலும் நான் ஊற்றினேன். பிறகு அரை மணி நேரம் காத்திருந்தோம். குளோரின் வேலை செய்ய அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

சும்மா இருக்கிற அரை மணி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு இரண்டு கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். பக்கத்து ஊர்த் தண்ணீர் மஞ்சளானது. கரடிமேட்டுத் தண்ணீர் அப்படியே வெள்ளையாக நின்றது.

“எல்லாரும் பார்த்தீங்களா?” என்றார் சார். “ஒரே ஆள் கரைச்ச மருந்து. ஒரே அளவு. பக்கத்து ஊர்த் தண்ணியில நிக்குது, இங்க நிக்கலை. இந்தத் தண்ணி மருந்தைத் தின்னுடுது. மனுஷன் போட்டாலும் மிஞ்சாது.”

மாரியக்கா கிட்டே வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெள்ளைக் குழலையே பார்த்தாள். “தண்ணி எதுக்குங்க மருந்தைத் திங்குது?” என்றாள். அதுதான் சரியான கேள்வி. அழுக்கு கலந்த தண்ணீர் முதலில் அந்த அழுக்குக்கே குளோரினைச் செலவழித்துவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. அப்படியென்றால் என்ன அழுக்கு?

கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் குலுக்கி மோந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. ஊர்க்காரர்களிடம் கொடுத்தேன். அவர்களும் ஒன்றுமில்லை என்றார்கள். சார் வாங்கி, கண்ணை மூடி, ஒரே ஒருமுறை மோந்தார். “புளிச்ச வாடை வருது. இந்த ஊருக்குள்ள நுழையும்போதே வந்துச்சு” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீசனில் பல்பர் ஓடும். பழத்தின் தோலை உரித்து, கொட்டையை ஊறவைத்துக் கழுவும் இயந்திரக் கொட்டகையைத்தான் பல்பர் என்போம். அந்தக் கழிவு நீரின் புளித்த வாடை சீசன் முழுக்க மலையெங்கும் நிற்கும். எங்களுக்கு அது வாடையே இல்லை. அது வீசினால் வேலை இருக்கிறது, கூலி இருக்கிறது என்று பொருள். அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த மூக்குக்கு அந்தத் தண்ணீர் மட்டும் எப்படித் தனியாக நாறும்?

ஓடையைப் பிடித்து மேலே ஏறினோம். எஸ்டேட்டின் கழிவுக் குழி நிரம்பி, பழுப்புத் தண்ணீர் கசிந்து ஓடையில் சேர்ந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்தாயிற்று என்று சார் விட்டுவிடவில்லை. அது சேரும் இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில், கிணற்றில் ஒன்று என்று எடுக்கச் சொன்னார். மூன்றிலும் அதே மருந்தைச் சமமாக ஊற்றி, அரை மணி கழித்துச் சொட்டு விட்டபோது மேலே எடுத்த தண்ணீர் மஞ்சள் காட்டியது. கீழே எடுத்ததும் கிணற்றில் எடுத்ததும் காட்டவில்லை.

திரும்பி வந்தபோது ஊரின் முகம் மாறியிருந்தது. எஸ்டேட் ரைட்டர் வந்து நின்றிருந்தார். எல்லாருடைய வேலைக் கணக்கையும் எழுதுகிறவர் அவர். பெண்கள் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். மாரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பல்பரை நிறுத்திப்புட்டா நாங்க எங்கீங்க போறது? நீங்களும் லைன் ஊட்டுப் புள்ளதானுங்க. எப்படியாச்சும் பாத்து எழுதுங்க.” எனக்குப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? என் அம்மா அதே மாதிரி ஒரு பல்பரில் கால் விறைக்க நின்று கொட்டை கழுவித்தான் என்னைப் படிக்கவைத்தாள்.

“நீங்க எழுதுங்க. நான் கையெழுத்து போடறேன்” என்றார் சார்.

பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கிணற்றுத் தண்ணீர் வழக்கமான அளவு குளோரினை முழுதும் உறிஞ்சிவிடுகிறது. கழிவு சேரும் இடத்துக்கு மேலே இந்தக் குறை இல்லை. கழிவுக் குழியை மறுபக்கச் சரிவுக்கு மாற்றி, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யும்வரை இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கலாகாது. இவ்வளவுதான். பல்பரை மூடு என்று நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

“மறுபக்கச் சரிவுன்னு எதைப் பார்த்து எழுதுனீங்க?” என்றார் சார்.

“அந்தப் பக்கம் ஊரும் இல்லீங்க, ஊத்தும் இல்லீங்க சார். சின்ன வயசுல வெறகு பொறுக்குன எடமுங்க.”

சார் முதல்முறையாக அடுத்த கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன், பாராட்டுக் கடிதங்கள்கூட வாங்கினேன். அந்தக் கையெழுத்துக்கு அவையெல்லாம் ஈடில்லை.

அறிக்கையை முற்றத்தில் நானே உரக்கப் படித்தேன். ரைட்டர் தலையைச் சொறிந்தார். “குழி தோண்ட ஆளு இருக்குது. மேல பேசிட்டுச் சொல்றனுங்க” என்றார். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று கண்முன்னால் இருந்ததால், அவர் மேலே பேசுவதும் சீக்கிரமே முடிந்தது. பல்பர் ஒரு நாளும் நிற்கவில்லை. குடிப்பதற்கு மட்டும் லாரியில் தண்ணீர் வந்தது.

எல்லாரும் கலைந்த பிறகு அருளப்பன் அண்ணன் என்னிடம் வந்தார். “மேடம், அந்தப் பேப்பர்ல நான் தினமும் பவுடர் போட்டேன்னு எழுதியிருக்குதுங்களா?”

“இல்லீங்கண்ணா. நீங்க தினமும் போட்டதை நான் பாக்கலீங்களே. பாக்காததை நான் எழுத முடியாதுங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. போட்டாலும் நிற்காது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் போட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அவரைப் பற்றி அன்றைக்கு யாரும் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை.

குழி மாறியது. ஓடை தெளிந்தது. கிணற்றை இறைத்துக் கழுவினார்கள். அருளப்பன் அண்ணனே டேங்கைத் தேய்த்து, முன்பு போட்ட அதே அளவு பவுடரைக் கரைத்து ஊற்றினார். சீசன் இன்னும் முடியவில்லை, பல்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் மறுபடி சோதனைக்குப் போன காலையில் கடைசிக் குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவர் வால்வைத் திருப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

நான் குழல்பெட்டியைத் திறப்பதற்குள் முதல் குடத்தைப் பிடித்த மாரியக்கா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் தூவென்று துப்பினாள்.

“கருமம்! இதென்ன அருளப்பா, டேங்குல மூட்டையோட கொட்டுனியா? மருந்து வாடை கொடலைப் பொரட்டுது. இதுல காப்பி வெச்சா மனுசன் குடிப்பானா?”

நான் அவசரமாகச் சொட்டு விட்டுக் குழலை உயர்த்தினேன். எலுமிச்சை மஞ்சள். அருளப்பன் அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. மாரியக்காவையே பார்த்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“திட்டுங்க மாரியக்கா” என்றார். “இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க. தெருவுக்கே கேக்கட்டும்.”